நோர்பர்ட் ஸீல்கேயின் வெற்றுத் தாள்

எங்கள் ஊர் பேஸ்பால் மைதானத்தில் புகழ் மண்டபம் ஒன்று இருக்கிறது. மண்டபம் என்றதும் தூண், விதானம் என்று எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆண்கள் கழிப்பறைக்கும் ஹாட் டாக் விற்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருபத்திரண்டு அடி நீளச் சுவர். அதில் பித்தளைத் தகடுகள். ஹேஸ்டன் கெளுத்திகள் என்ற எங்கள் அணிக்கு ஆடியவர்களில் சிறந்தவர்கள் என்று நாங்கள் முடிவு கட்டியவர்களின் முகங்கள் அந்தத் தகடுகளில் இருக்கின்றன. எல்லா முகமும் ஏறக்குறைய ஒன்றுதான். வார்ப்பவர் ஒரே ஆள், அவருக்கு மூக்கு ஒரே மாதிரிதான் வரும்.

யார் அந்தச் சுவரில் ஏறலாம் என்று முடிவு செய்வது பதின்மூன்று பேர் கொண்ட குழு. ஜனவரியில் ஓஹாயோ ஆற்றின் ஓரமெல்லாம் உறைந்து, மைதானத்தில் முழங்கால் அளவு பனி கிடக்கும்போது, ரோசலிண்டின் உணவகத்தில் பின்பக்க மேசைகளை ஒட்டிப் போட்டு உட்கார்ந்து வாதாடுவோம். ஆட்டம் இல்லாத மாதங்களில் ஆட்டத்தைப் பற்றிப் பேசித் தீர்ப்பதற்கு எங்கள் பக்கத்தில் சூடடுப்புப் பருவம் என்று பெயர். உண்மையில் எங்கள் ஊர் நன்றாக ஆடுவது அந்தப் பருவத்தில்தான். கோடையில் கெளுத்திகள் தோற்பார்கள்.

விதிகளைக் நாட்டுக்கே பொதுவாகக் கூப்பர்ஸ்டவுனில் இருக்கும் பெரிய மண்டபத்தைப் பார்த்து எழுதிக்கொண்டோம். நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு ஓட்டு வேண்டும். ஒருவர் பெயர் பத்து வருடம்தான் பட்டியலில் இருக்கலாம். அதற்குள் தேறாவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம். பிறகு அந்த மனிதர் கோடை முழுக்க, தான் இல்லாத சுவரைப் பார்த்துக்கொண்டே ஹாட் டாக் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

இந்தக் குழுவில் முதல் வருடத்திலிருந்து உட்கார்ந்திருப்பவர் நோர்பர்ட் ஸீல்கே. வயது எழுபத்து மூன்று. உயரமான மனிதர், ஆனால் அந்த உயரத்தை என்ன செய்வது என்று தெரியாமல் பாதியை முதுகில் மடித்து வைத்திருப்பார். பகலில் நகராட்சியின் தண்ணீர் மீட்டர் படிக்கும் வேலை, முப்பத்து நான்கு வருடம். மாலையில் கெளுத்திகளின் அதிகாரபூர்வக் கணக்கர், முப்பத்தொரு கோடைகாலம்.

கணக்கர் வேலை பார்க்க எளிது. பந்து ஒன்று தடுப்பாளரின் கையுறையில் பட்டுத் தெறிக்கிறது. அடித்தவரின் திறமையா, பிடிக்காதவரின் பிழையா? மைதானத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் இதில் கருத்து உண்டு. பென்சில் ஒருவரிடம்தான் உண்டு. ‘அடி’ என்று எழுதினால் வீசியவர் முறைப்பார். ‘பிழை’ என்று எழுதினால் அடித்தவர், பிடிக்காதவர் இருவருமே முறைப்பார்கள். ஒரு மட்டையாளரின் தாய் ஒரு தடவை மழையில்லாத நாளில் குடையோடு படியேறி வந்தார். இப்படி ஆட்டத்துக்கு நான்கைந்து தீர்ப்பு, வருடத்துக்கு எழுபது ஆட்டம். முப்பத்தொரு வருடத்தில் நோர்பர்ட்டுக்கு ஒதுக்கப்பட்டிருந்த தீர்ப்புகள் அனைத்தும் மைதானத்திலேயே தீர்ந்துபோய்விட்டன. வீட்டுக்கு அவர் எதையும் மிச்சம் கொண்டு போகவில்லை.

அவர் மனைவி இர்மா ஒருநாள் அரிசோனாவில் இருக்கும் தங்கையோடு போய் இருந்துவிடலாமா என்று கேட்டார். நோர்பர்ட், “உன் இஷ்டம்” என்றார். இர்மா தன் இஷ்டப்படி போய்விட்டார். கோபமெல்லாம் இல்லை. இன்றைக்கும் கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வருகிறது. அதில் எந்தப் படம் பிடித்திருக்கிறது என்று அவர் கேட்பதில்லை.

பேஸ்பாலில் நோர்பர்ட்டுக்கு மிகவும் பிடித்த விஷயம் ‘நடை’. வீசுபவர் நான்கு பந்தை எட்டாத இடத்தில் போட்டுவிட்டால், மட்டையாளர் மட்டையைக் கீழே வைத்துவிட்டு முதல் தளம் என்ற முதல் முனைக்கு நடந்து போகலாம். கணக்குப் புத்தகத்தில் அது அடியும் இல்லை, ஆட்டமிழப்பும் இல்லை. சராசரி போடும்போது அந்த முறையையே கழித்துவிடுவார்கள், ஆள் மட்டை பிடிக்க வரவே இல்லை என்பது போல. யாரும் முறைக்க மாட்டார்கள். கணக்கர் ஒரு சின்னக் குறி போட்டுவிட்டுக் காபி குடிக்கலாம்.

அந்தக் குறியை அவர் அதிகம் போட்டது கர்ட்டிஸ் பெல்லமிக்கு.

பெல்லமி எண்பத்தொன்றில் அலபாமாவிலிருந்து வந்து ஏழு வருடம் எங்களுக்கு இரண்டாம் தளத்தில் நின்று ஆடியவர். மேலே எந்தப் பெரிய அணியும் கூப்பிடவில்லை. முழங்கால் போனதும் ஆட்டத்தை விட்டுவிட்டு, எங்கள் ஊர் யூலாவைக் கட்டிக்கொண்டு, உயர்நிலைப் பள்ளியில் கொதிகலனும் குழாயும் பார்க்கும் வேலையில் சேர்ந்துவிட்டார். ஆடிய நாளில் அவர் அடித்தது கொஞ்சம். ஆனால் கெட்ட பந்துக்கு அவர் மட்டையை நீட்டி யாரும் பார்த்ததில்லை. நின்றுகொண்டே இருப்பார். வீசுபவருக்குத்தான் முதலில் பொறுமை போகும். பெல்லமி நடந்து போய் முதல் தளத்தில் நிற்பார்.

இப்படிப்பட்ட ஆள் சுவருக்குத் தகுதியா என்று எங்கள் குழு ஒன்பது குளிர்காலம் பேசியது. ‘நான் கண்ணால் பார்த்தேன்’ என்பவர்கள் ஒரு பக்கம், எண்களை அச்செடுத்துக்கொண்டு வருபவர்கள் ஒரு பக்கம். இரண்டு பக்கமும் சேர்ந்தே ஒரு முழு வருடத்தை, மைதானத்தில் ஆர்கன் வாசித்த அம்மையாரை ஆட்டக்காரராகக் கருதலாமா என்பதில் செலவழித்ததும் உண்டு. அதை இங்கே விட்டுவிடலாம்.

பெல்லமிக்கு எதிராக முழங்கியவர் டயர் கடை டுவேன் ஃப்ரிட்ச். கழுத்தும் குரலும் தடித்தவர். வாய் திறந்தால் பாத்திரம் அதிரும். “நின்னதுக்கெல்லாம் பித்தளையா? நிக்கறதுதான் திறமைன்னா பஸ் ஸ்டாப் கம்பத்துக்கும் ஒரு தகடு அடிங்க” என்பார் வருடா வருடம். நாங்களும் வருடா வருடம் சிரிப்போம். அந்தக் கம்பம் ஊரெல்லாம் சுற்றிப் பெல்லமியின் காதுக்கும் போனது. அதிலிருந்து பெல்லமி டயர் வாங்க இருபத்தாறு மைல் தள்ளி அடுத்த கவுண்டிக்குப் போகிறார்.

ஓட்டுப் போடும் முறை இது. ஆளுக்கொரு தாள். அதில் ஆறேழு பெயர்கள் இருக்கும். தகுதி உண்டு என்று நினைக்கும் பெயர்களுக்கு எதிரே குறி போட்டு, மடித்து, காபித் தூள் டப்பாவில் போட வேண்டும். ஓட்டில்லாத செயலாளர் ரோசலிண்ட்தான் எண்ணுவார். எண்ணி முடித்துப் பெயரையும் கிடைத்த ஓட்டையும் மட்டும் படிப்பார். பெல்லமிக்கு மூன்றில் ஆரம்பித்து வருடத்துக்கு ஒன்றாக ஏறி, கடைசி மூன்று வருடமும் ஒன்பதில் நின்றது. பதின்மூன்றுக்குப் பத்து வேண்டும். தேர்வானவர் வீட்டுக்கு அன்று மாலை நான்கு மணிக்குள் தொலைபேசி போகும். தேர்வாகாதவருக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை. நான்கு மணி தாண்டினால் அவரே புரிந்துகொள்ள வேண்டியது.

அந்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளிலும் பெல்லமி தேய்த்த சட்டையோடு தொலைபேசி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் என்று யூலா என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். நாலே கால் வரைக்கும் உட்கார்ந்திருப்பாராம். கடிகாரம் முன்னேபின்னே ஓடலாம் என்று.

பத்தாவது ஜனவரி வந்தது. பெல்லமிக்குக் கடைசி வருடம். எங்கள் வழக்கப்படி முதல் ஞாயிறு வாதம், அடுத்த ஞாயிறு ஓட்டு. குழுவில் ஒரு பல் வைத்தியர் ஃப்ளோரிடா போய்விட்டதால் அவர் இடத்துக்கு ஹெய்டி என்ற கணக்கு டீச்சர் வந்திருந்தார். புதியவர் அல்லவா, வாதத்துக்கு முன்னால் பழைய பதிவேட்டை வாங்கிப் படித்தார். பத்து வருடத்தில் அந்தக் குறிப்பேட்டைத் திறந்து படித்த முதல் உறுப்பினர் அவர்தான்.

டுவேன் கம்பத்துக்கு வந்து சேர்ந்த நேரத்தில் ஹெய்டி கையைத் தூக்கினார்.

“இந்த மூணு வருஷமும் ‘வெற்று, ஒன்று’ன்னு எழுதியிருக்கே. அது என்னது?”

யாரோ ஒருவர் எந்தப் பெயருக்கும் குறி போடாமல் வெறும் தாளை மடித்துப் போடுகிறார் என்றார் ரோசலிண்ட். முதல் வருடத்திலிருந்தே வருகிறதாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, யாரும் கேட்கவில்லை என்றார்.

“வெத்துத் தாளும் எண்ணிக்கையில சேருமா?”

“டப்பாவுல விழுந்தா தாள் தாள்தானே. பெரிய மண்டபத்துலயும் அப்படித்தான்” என்றார் ரோசலிண்ட்.

ஹெய்டி பென்சிலை எடுத்தார். கணக்கு டீச்சர்களுக்கு இரக்கம் கிடையாது. “பதின்மூணு தாள்னா பத்து ஓட்டு வேணும். அந்த வெத்துத் தாள் உள்ள விழாம இருந்திருந்தா தாள் பன்னெண்டு. பன்னெண்டுக்கு ஒன்பது போதும். அவருக்கு ஒன்பது கெடச்சிருக்கு.” பென்சிலைக் கீழே வைத்தார். “மூணு வருஷம் முன்னாடியே அவர் தேறியிருக்கணும்.”

பிறகு பத்துப் பன்னிரண்டு தலைகள் ஒரே பக்கம் திரும்பின. டுவேன் பக்கம்.

டுவேனுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் சிவந்தது. தான் பெல்லமிக்கு ஆறு வருடமாகக் குறி போட்டு வருவதாகச் சொன்னார். யாரோ சிரித்தார்கள். நான் இல்லை.

“என்னய்யா சிரிப்பு? எதிர்த்துப் பேசறவன் எதிர்த்துத்தான் ஓட்டுப் போடணும்னு எந்த ஊர்ச் சட்டம்? பேசறது பொழுது போக. எல்லாரும் ஆமாம் ஆமாம்னு தலையாட்டினா ஜனவரியில இங்க வந்து என்னத்தப் பண்றது?”

இது உண்மை. டுவேனைத் தெரிந்த எவருக்கும் இது உண்மை என்று அந்த நிமிடமே தெரிந்திருக்க வேண்டும். எங்களுக்குத் தெரியவில்லை. வருடம் முழுக்கக் கத்துகிறவன்தான் காரியத்தைக் கெடுத்திருப்பான் என்று நம்புவது சௌகரியமாக இருந்தது. ஒருவர் ‘சரி சரி, விடு டுவேன்’ என்று முதுகில் தட்டினார். அந்தத் தட்டுதான் வினையானது.

டுவேன் மேலங்கியை மாட்டிக்கொண்டார். “நான்தான்னு முடிவு பண்ணிட்டீங்கல்ல. சரி. அடுத்த வாரம் பெல்லமிக்குக் குறி போட மாட்டேன். நீங்க நெனச்சதாவது நெசமாகட்டும்.”

அவர் கதவைச் சாத்திய வேகத்தில் ஜன்னலில் ஒட்டியிருந்த பனி உதிர்ந்தது. நோர்பர்ட் ஆப்பிள் பைப் பலகாரத்தை ஓரமாகக் கிளறிக்கொண்டிருந்தார். சாப்பிடவில்லை. அதையும் நான் அப்போது கவனிக்கவில்லை. பிறகு யோசித்துப் பார்த்ததில் கவனித்தது போல இருக்கிறது.

அவருக்குக் கண் மங்கி வண்டி ஓட்டும் உரிமம் போனதிலிருந்து நான்தான் வீட்டில் இறக்கிவிடுவேன். வழியெல்லாம் பேசாமல் வந்தார். அதில் விசேஷம் இல்லை. அவர் வீட்டு வாசலில் நிறுத்தியும் இறங்கவில்லை.

“நான் நடைன்னு நெனச்சேன்” என்றார்.

எந்த நடை என்று கேட்டேன்.

“நடை கணக்குல சேராதுல்ல. அடியும் இல்ல, அவுட்டும் இல்ல. தாளை அப்படியே மடிச்சுப் போட்டா நான் வராத மாதிரின்னு நெனச்சேன்.”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. வண்டியின் சூடு போதாமல் இருவருக்கும் வாயில் ஆவி வந்துகொண்டிருந்தது. நான் கேட்டுவிட்டேன்: “அப்ப அந்த ஞாயித்துக்கிழமை நீ ஜுரம்னு வீட்டுல படுத்திருந்தா...”

“அவன் உள்ள போயிருப்பான்.”

“மூணு வருஷமும்.”

“மூணுல எந்த வருஷம் படுத்திருந்தாலும். எனக்கும் கூட்டல் தெரியும்ப்பா.”

ஏன் அப்படிச் செய்தார் என்று அவர் விளக்கியதை இங்கே சுருக்கித் தருகிறேன். சொன்னபோதும் அது நீளமாக இல்லை. பட்டியலில் இருக்கும் அத்தனை பேருக்கும் அடி, பிழை என்று எழுதியவர் அவர். அவர்களுடைய எண்களே அவர் கைப்பட வந்தவை. அதற்கு மேலும் இன்னொரு தீர்ப்பா என்று இருந்ததாம். களைப்பாக இருந்ததாம். பெல்லமி நண்பன் வேறு. நண்பனுக்குக் குறி போட்டால் பட்சபாதம், போடாவிட்டால் துரோகம். ஆகவே இரண்டும் இல்லாத ஒன்றைப் போட்டார். குழுவிலிருந்து விலகியிருக்கலாமே என்றேன். அதற்கும் ஒரு முடிவு எடுக்க வேண்டுமே என்றார்.

இந்த வருடம் சத்தமில்லாமல் குறி போட்டுவிடலாம் என்று அந்தப் பையைக் கிளறும்போதே முடிவு செய்துவிட்டாராம். ஃப்ளோரிடா போன பல் வைத்தியர் பெல்லமி பக்கம், அவர் இடத்துக்கு வந்த டீச்சரும் அந்தப் பக்கம்தான் என்பது பேச்சில் தெரிந்துவிட்டது. ஒன்பதோடு ஒன்று பத்து. யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. அந்த நேரம் பார்த்து டுவேன் தன் ஒன்றை உருவிக்கொண்டு போய்விட்டார். மறுபடி ஒன்பது.

டுவேன் மனம் மாற ஒரே வழி, அவர் இல்லை என்று எல்லார் முன்னிலையிலும் தெரிய வேண்டும். நீ சொல்லேன் என்பது போல நோர்பர்ட் என்னைப் பார்த்தார். எனக்கு அந்த வாரம் தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

இடையில் வெள்ளிக்கிழமை வந்தது. படைவீரர் சங்கக் கூடத்தில் வெள்ளிதோறும் மீன் வறுவல். நோர்பர்ட்டும் பெல்லமியும் பதினெட்டு வருடமாக அங்கே எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். பெல்லமி பேசுவார், நோர்பர்ட் தலையாட்டுவார். கடந்த மூன்று வருடமாகப் பேச்சில் பாதி டுவேனைப் பற்றி. அதற்கும் நோர்பர்ட் தலையாட்டித்தான் வந்திருக்கிறார்.

அன்று நான் பக்கத்து மேசை. கர்ட்டிஸ் பெல்லமி தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: “இதோட முடிஞ்சுது. யூலா சட்டைய எடுத்துத் தேய்க்கப் போனா. வேண்டாம்மா, உள்ள வைன்னுட்டேன். ஐம்பத்தெட்டு வயசுல போன் பக்கத்துல உக்காந்திருக்க வெக்கமா இருக்கு.”

நோர்பர்ட்டுக்குச் சொல்ல இருபத்தைந்து நிமிடம் இருந்தது. அந்த இருபத்தைந்து நிமிடத்தில் அவர் நான்கு துண்டு மீன் சாப்பிட்டார். சாதாரணமாக இரண்டுதான் சாப்பிடுவார்.

ஞாயிறு வந்தது. டுவேனும் வந்தார், வரமாட்டார் என்று பேசிக்கொண்டிருந்தவர்களை ஏமாற்றவே வந்தது போல. ரோசலிண்ட் தாள்களைக் கொடுத்துக்கொண்டு வந்தபோது நோர்பர்ட் எழுந்து நின்றார். கூட்டத்தில் அவர் எழுந்தால் கழிப்பறைக்கு என்றுதான் பொருள். எல்லாரும் நாற்காலியை இழுத்து வழிவிட்டார்கள். அவர் போகவில்லை.

“அந்த வெத்துத் தாள் என்னோடது. டுவேன் இல்ல. இத்தனை வருஷமும் நான்தான். கணக்குல சேராதுன்னு நெனச்சேன்.”

அவ்வளவுதான் சொன்னார். உட்காரவும் மறந்துவிட்டார். டுவேன் அவரையே பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார். அப்படி நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

“யோவ் நோர்பர்ட், பத்து வருஷத்துல நீ இந்த மேசையில பேசி நான் கேட்டதே இல்ல. மொத தடவையா பேசற. அதுவும் இதையா?” பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். “மூணு வருஷமா அந்தப் பெல்லமி எனக்கு வணக்கம் சொல்றதில்ல. நாலு டயர், மூணு வருஷம். உங்க யாருக்காவது அது தெரியுமா?”

தெரியும். யாரும் சொல்லவில்லை. முதுகில் தட்டியவர் மன்னிப்புக் கேட்டார். டுவேன் அதை ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. தனக்குச் செர்ரி பை வேண்டும், அதன் விலை குழுவின் தலையில் என்றார்.

ஓட்டு முடிந்தது. ரோசலிண்ட் டப்பாவைக் கவிழ்த்து எண்ணினார். இந்தத் தடவை ஹெய்டி கேட்டுக்கொண்டபடி எல்லாவற்றையும் படித்தார். தாள் பதின்மூன்று. வெற்று இல்லை. பெல்லமி, பத்து.

அந்தப் பத்தில் டுவேன் இருந்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டதற்கு, “என் ஓட்டு எனக்கும் டப்பாவுக்கும்” என்றார். குறி போடாத மூன்று பேர் யார் என்பதையும் நான் எழுதப் போவதில்லை. ஒருவரைப் பற்றி மட்டும் நிச்சயமாகச் சொல்ல முடியும், ஆனால் அவர் இதில் இதுவரை நல்லவராகத் தெரிகிறார், கெடுப்பானேன்.

மூன்றே முக்காலுக்கு ரோசலிண்ட் தொலைபேசியில் கூப்பிட்டார். யூலா எடுத்தார். பெல்லமி வீட்டில் இல்லை. பள்ளியில் கொதிகலன் நின்றுபோய், குழாய் வெடித்துவிடும் என்று ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிட்டுவிட்டார்களாம். கைப்பேசியை அவர் எடுத்துப் போவதில்லை. யூலாவிடமே சொல்லிவிடலாம் என்று ரோசலிண்ட் நினைத்தபோது நோர்பர்ட் குறுக்கே கையை நீட்டினார்.

“நேர்ல போய்ச் சொல்றேன்.”

நான் வண்டியை எடுத்தேன்.

கொதிகலன் அறை பள்ளியின் அடித்தளத்தில். நாங்கள் இறங்கும்போது அது மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டிருந்தது. உள்ளே ரயில் ஓடுவது போலச் சத்தம். பெல்லமி தரையில் ஒரு முழங்காலை நீட்டி வைத்துக்கொண்டு வால்வை முறுக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் ஸ்பானரைக் கீழே வைத்தார். முதல் சேதி நோர்பர்ட் வாயிலிருந்து வரும் முன்பே என் முகத்தில் படித்துவிட்டார் போலிருக்கிறது. மெதுவாகச் சுவரைப் பிடித்து எழுந்தார். பத்து என்று நான் விரல்களைக் காட்டினேன். அவர் சிரித்தார். நான் அவரை இளைஞனாகப் பார்த்த நாளில்கூட அப்படிச் சிரித்ததில்லை. கையைக் கந்தைத் துணியில் துடைத்துக்கொண்டு நோர்பர்ட்டின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

நோர்பர்ட் அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் அவர் கையைத் தொட்டுக்கூடப் பார்த்தேன்.

“அந்த வெத்துத் தாள் நான்தான்” என்றார்.

“என்னது?”

“வெத்துத் தாள். நான்தான்.”

பெல்லமி காதைக் காட்டிக் குனிந்தார். எந்த விஷயத்திலும் இதுதான் என்று ஒருமுறைகூடச் சொல்லாத மனிதர், அதை மூன்றாவது தடவை, தொண்டை நரம்பு தெரியக் கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. அது என்ன தாள், எத்தனை வருடம், அது இல்லாதிருந்தால் எத்தனைக்கு எத்தனை என்று எல்லாமே கத்தலாகத்தான் வெளியே வந்தது. பாதியில் பெல்லமி எட்டி ஒரு விசையைத் தள்ளினார். கொதிகலன் அடங்கியது. நோர்பர்ட்டின் கடைசி வாக்கியம் மட்டும் அந்த அமைதியில் தேவைக்கு மேல் பெரிதாகக் கேட்டது. அது, “கணக்குல சேராதுன்னு நெனச்சேன்.”

பெல்லமி கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்தார்.

“அப்போ டுவேன் இல்ல.”

“இல்ல.”

“நான் அவனைப் பத்திப் பேசினப்பல்லாம் நீ மீன் தின்னுட்டு இருந்த.”

நோர்பர்ட் தலையாட்டினார்.

“அக்டோபர்ல நான் எதுக்கு ஊருக்குப் போனேன்னு தெரியும்ல?”

“உங்க அக்கா.”

“ஓராலீ. எனக்கு மொதல்ல பந்து போட்டவ அவதான். கொல்லைல. நல்ல பந்து வர வரைக்கும் நில்லுடான்னு சொன்னவ.” பெல்லமி குரலை உயர்த்தவில்லை. “ஒவ்வொரு ஜனவரியும் போன் பண்ணுவா. என்னடா, ஆச்சான்னு. ஆகலக்கான்னு சொல்லுவேன். ஆச்சுன்னா பஸ்ல வரேன், எனக்கு நடுவுல ரெண்டு எடத்துல இறங்கி ஏறணும், ஒரு வாரம் முன்னாடியே சொல்லுன்னுவா. மூணு வருஷம், நோர்பர்ட். மூணு வருஷமும் அவ இருந்தா.”

நோர்பர்ட் சொல்ல இருந்ததை எல்லாம் ஏற்கெனவே கத்திவிட்டிருந்தார். எங்கோ குழாயில் தண்ணீர் தட்டிக்கொண்டிருந்தது. பெல்லமி கொஞ்ச நேரம் அதைக் கேட்டார். வேலை ஞாபகம் வந்தது போல எழுந்து விசையைத் தூக்கப் போனவர் கையை அதன் மேலேயே வைத்துக்கொண்டு திரும்பினார்.

“விழாவுக்கு வா. வராம இருந்துடாத, அதுக்கும் ஏதாவது கணக்கு வரும். ஆனா என் பக்கத்துல உக்காராத.”

விசையைத் தூக்கினார். மறுபடி ரயில் ஓட ஆரம்பித்தது.

விழா ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை நடந்தது. கெளுத்திகள் வழக்கம்போல முன்கூட்டியே தோற்று இடம் விட்டார்கள். தகட்டில் பெல்லமிக்கும் அதே மூக்கு. முன்வரிசையில் யூலா, அலபாமாவிலிருந்து வந்த அக்காவின் மகள்கள் இருவர், அவர்களுக்குப் பக்கத்தில் டை கட்டிக்கொண்டு டுவேன். பெல்லமி இரண்டு நிமிடம் பேசினார். ஓராலீ பெயரைச் சொல்லும்போது ஒலிவாங்கியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் நன்றி சொன்ன பட்டியலில் குழுவும் உண்டு. தனித்தனியாக யார் பெயரும் இல்லை.

நோர்பர்ட் இடது கோடியில், எதிர்வெயில் அடிப்பதால் யாரும் சீட்டு வாங்காத வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். குழுவுக்கு எழுதிக் கொடுத்த ராஜினாமாவில் காரணம் என்ற இடத்தில் ‘நானே முடிவு செய்தேன்’ என்று எழுதியிருந்ததாக ரோசலிண்ட் சொன்னார். நான் இரண்டு குளிர்பானத்தோடு படியேறிப் போய், நிழல் பக்கம் என் மனைவிக்குப் பின்னால் இடம் இருக்கிறது, வா என்று கூப்பிட்டேன்.

அவர் கையைப் புருவத்துக்கு மேல் வைத்துக்கொண்டு மேடையைப் பார்த்தார். இப்போது பெல்லமி தகட்டுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

“இங்கருந்தே தெரியுது” என்றார் நோர்பர்ட்.

அந்த வெயிலில் அங்கிருந்து ஒன்றுமே தெரியவில்லை. நான் அவர் பக்கத்தில் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தேன்.